ஆவுடையப்பன் சார் போதும் சொல்லும் வரை

எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் கொடுத்த தண்டனை, அதே வாத்தியார் ‘போதும்’ என்று சொல்லும்வரை முடியாது. என் மூத்த மகன் பெலிக்ஸ் ஏழாம் வகுப்பில் முட்டி போட்டான். போடச் சொன்ன கணக்கு வாத்தியார் ஆவுடையப்பன் சாருக்கு அன்று சாயங்காலமே மாற்றல் உத்தரவு வந்தது. பெட்டி கட்டுகிற அவசரத்தில் போதும் சொல்ல மறந்துபோனார். பெலிக்ஸ் முட்டியிலேயே வீட்டுக்கு வந்தான். முட்டியிலேயே வளர்ந்து, மீசை வைத்து, கல்யாணமும் முடித்து, இப்போது மின்சார அலுவலகத்தில் கட்டணம் வாங்கும் கவுண்டரில் வேலை பார்க்கிறான். கவுண்டர் ஜன்னல் அவன் முகத்துக்குச் சரியாக இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர் ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் ஊற்றுவார். கிராம நிர்வாக அலுவலகத்து அம்மா தன் பெஞ்சைத் தன்னோடே கொண்டுவந்து, அதன்மேல் நின்றுதான் கையெழுத்துப் போடுவார். செருப்புத் தைக்கிறவர் சைக்கிள் டயரை வெட்டி பெலிக்ஸின் முட்டிக்கு உறை தைத்துத் தருவார்; மழைக்காலத்துக்குத் தனி உறை. மாதா கோவிலில் பூசை நேரத்தில் எல்லாரும் முழந்தாளிடுவார்கள் இல்லையா, அப்போது மட்டும் என் மகனும் எல்லாரையும்போல இருப்பான். அதற்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்துக் கிடப்பேன். சாருக்கு ஞாபகம் வரட்டும் தாயே என்பதைத் தவிர மாதாவிடம் எனக்கென்று வேறொன்றும் கேட்டதில்லை.

சாரைத் தேடாமலும் இல்லை. நானும் அவன் அப்பாவும் ஊர் ஊராகப் பஸ் ஏறினோம். போய்ச் சேர்ந்தால், நேற்றுத்தான் மாற்றலாகிப் போனார் என்பார்கள். கடைசியில் பெலிக்ஸே போதும்மா என்று சொல்லிவிட்டான். அவன் சொல்லுகிற போதும் செல்லாது.

என்னைத் திடுக்கிட வைத்தது இதெல்லாம் இல்லை. இந்த வருஷம் பெலிக்ஸின் மகள் ஆன்லினை அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். சேர்த்த வாரமே தலைமையாசிரியை பத்மாசனி டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போய் நின்றேன். வகுப்பிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் ஆன்லின் முட்டியிலேயே போனாள், தண்ணீர் குடித்தாள், முட்டியிலேயே திரும்பி வந்தாள். காலையில் வீட்டில் ஓடித் திரிந்த பிள்ளை. யார் முட்டி போடச் சொன்னது என்று டீச்சர் கேட்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லையாம். பள்ளிக்கூடம் வந்துவிட்டதால் தான் பெரிய பிள்ளையாம், பெரியவர்கள் ஆனால் அப்பா மாதிரித்தான் நடக்க வேண்டுமாம்.

தண்டனை என்றால் கொடுத்தவரைத் தேடலாம். யாருமே கொடுக்காததை யார் வந்து எடுப்பது?

“அவ அப்பா எந்திரிச்சாத்தாம்மா இவ எந்திரிப்பா,” என்றார் டீச்சர்.

பத்மாசனி டீச்சர் வந்த நாளிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் புதுத் தண்டனை கிடையாது. இருந்த பிரம்புகளையெல்லாம் அவரைக்கொடிப் பந்தலுக்குக் காலாக நட்டுவிட்டார். ஒரு பிள்ளை தப்புச் செய்தால் உட்காரவைத்து, என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, இப்போது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். பழைய தண்டனைகளையும் வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் எடுத்து விசாரித்தார்கள். விசாரிக்கிறவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே. ஆன்லினுக்காக எங்கள் விவகாரத்தை முன்னால் எடுத்தார்கள்.

ஆவுடையப்பன் சார் ஓய்வு பெற்றுவிட்டதால் இப்போது இருந்த இடத்திலேயே இருந்தார். பக்கத்து டவுன்தான். பெலிக்ஸோடு படித்த தங்கப்பழம் தன் ஆட்டோவில் போய்க் கூட்டிவந்தார். தங்கப்பழம் நல்ல மனுஷன். வாய்தான் கொஞ்சம் நீளம். “ஏல பெலிக்ஸ், ஒருநாளாவது எங்கூட நின்னு டீ குடில” என்று கடைவீதியில் வைத்துக் கேட்பார். பெலிக்ஸும் சிரித்துக்கொண்டே, நீ குனிஞ்சு குடில என்பான்.

சார் ஆட்டோவில் ஒரு சுண்ணாம்படித்த பலகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்தார். அவரை நாலாம் வகுப்பில் அவருடைய வாத்தியார் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லியிருக்கிறார். போதும் சொல்லுமுன் அந்த வாத்தியார் காலமாகிவிட்டார். அன்றிலிருந்து சார் சுவரைப் பார்த்தே நிற்கிறவர். வேலைக்கு வந்ததும் கரும்பலகையைப் பார்த்து நின்றே பாடம் நடத்தினார். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று நல்ல பேர். வந்தவரைக் கைபிடித்துக் கூட்டிப்போய் ஏழாம் வகுப்பின் பின்சுவரைப் பார்த்து நிறுத்தினோம். அவருக்குப் பின்னால் பெலிக்ஸ் முட்டியில் இருந்தான். அவன் பக்கத்தில் ஆன்லினும் அப்படியே.

இசக்கியம்மாள் என்ற பிள்ளை, ரெட்டைச் சடைக்காரி, அவள்தான் கேள்வி கேட்டாள். அன்றைக்கு என்ன நடந்தது என்றாள்.

வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்ததாகவும், பின்னால் யாரோ பெஞ்சைத் தட்டியதாகவும் சார் சுவரிடம் சொன்னார். திரும்பிப் பார்க்க வழியில்லை. ஆனால் காது கூர்மை. மூன்றாவது பெஞ்சு, இடது ஓரம், முட்டி போடு என்றாராம்.

“நான் வலது ஓரம் சார்,” என்றான் பெலிக்ஸ்.

இசக்கியம்மாள் பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தாள். மற்ற வாத்தியார்கள் பிள்ளைகளைப் பார்த்து நிற்கிறவர்கள். அவர்கள் இடது என்றால் அது பிள்ளைகளுக்கு வலது. அந்தப் பழக்கத்தில் அன்றைக்குப் பிள்ளைகள் வலது ஓரத்தில் இருந்த பெலிக்ஸைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஆவுடையப்பன் சாரோ பிள்ளைகள் பார்க்கிற பக்கமே பார்த்து நின்றவர். அவருடைய இடது, பிள்ளைகளுக்கும் இடதுதான்.

நான் கையிலிருந்த செபமாலையைக் கீழே போட்டுவிட்டேன். என் மகன் தேய்த்துத் தீர்த்த டயரெல்லாம் வேறொருவனுக்கு உரியது.

இடது ஓரம் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசற்படியில் நின்ற தங்கப்பழம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“நான்தான் தட்டுனேன் டீச்சர். இவனும் தட்டிருப்பான், அதான் மாட்டிக்கிட்டான்னு நெனச்சேன்.”

“அதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?” என்றாள் இசக்கியம்மாள்.

“காலைல வீட்ல ஒண்ணும் இல்லம்மா. வயிறு சத்தம் போட்டுது. பெஞ்சத் தட்டுனா அது வெளிய கேக்காது.”

இந்த ஒரு வார்த்தைக்கு நான் தயாராக இல்லை. நம் பிள்ளைக்கு நடந்ததற்கு யார்மேலாவது கோபம் வைக்கலாம் என்று இருந்தேன், அதற்கும் இடமில்லாமல் போயிற்று. இப்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று அந்தப் பிள்ளை கேட்டாள். தங்கப்பழம் வயிற்றைத் தடவிக்கொண்டார். டீச்சர் சத்துணவுக் கூடத்துக்கு ஆள் அனுப்பி, ஒரு தட்டு சாம்பார் சாதமும் முட்டையும் வாங்கிவரச் சொன்னார். தங்கப்பழம் மூன்றாவது பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஆட்டோக்காரர் உடம்பு, கால்தான் பெஞ்சுக்குள் அடங்கவில்லை.

சார் சுவரைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாத்தியார்கள் சொல்லுகிற அதே குரலில், “போதும்ப்பா. போய் உக்காரு” என்றார்.

அவருக்கு நேரே இருந்தது சுவர். சுவர் உட்கார்ந்தது. வயசானவர்கள் கையை ஊன்றி உட்காருவதுபோல மெதுவாக உட்கார்ந்தது. ஒரு செங்கல்கூடச் சிதறவில்லை. கூரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்துகொண்டது. வெளியே மைதானமும், அதில் மேய்கிற ஆடுகளும் தெரிந்தன. பெலிக்ஸ் அப்படியே முட்டியில் இருந்தான். போதும் அவனுக்கு வந்து சேரவில்லை. மாதாவே, இன்னொரு தரமும் தவறிப்போயிற்றே என்றேன்.

சுவர் இல்லாத இடத்தில் சாரால் நிற்க முடியாது. அடுத்த சுவரைத் தேடித் திரும்பினார். திரும்புகிற வழியில் என் மகன் இருந்தான். சார் நின்றுவிட்டார். மீசையை, வழுக்கை விழுகிற நெற்றியை, டயர் உறையை எல்லாம் பார்த்தார்.

“ஒன்ன நான் பாத்ததே இல்லையேப்பா,” என்றார்.

“நானும் சார் முகத்த இப்பத்தான் பாக்கேன்.”

“போதும். எந்திரி.”

பெலிக்ஸ் எழுந்தான். ஒரு காலை ஊன்றினான், மறு காலை எங்கே வைப்பது என்று தேடி வைத்தான். என் மகன் என்னைவிட இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் முகம் மேலே போய்விட்டதால் ஆன்லின் அண்ணாந்து பார்த்தாள். அப்போதும் எட்டவில்லை. அதனால் அவளும் எழுந்து நின்று, அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

சார் பக்கத்துச் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நின்றதும் அந்தச் சுவர், எங்களுக்கு எப்போது என்று கேட்டது. மற்ற இரண்டும் அதையே கேட்டன. சுவரை நிறுத்தியது கொத்தனார்தான், சார் சொல்லி உட்கார்ந்தது முறையில்லை என்று இசக்கியம்மாள் எடுத்துச் சொன்னாள். உட்கார்ந்துவிட்டதை அதட்டி எழுப்பக் கூடாது, நாலும் நிற்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று முதலில் கேட்போம் என்றார் டீச்சர். தங்கப்பழம் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கொத்தனாரைக் கூட்டிவர ஆட்டோவைக் கிளப்பினார்.