பேங்க் மேனேஜரின் பிள்ளைகள்

டயர் கடைக்கு மேலே நடந்த ஆங்கில வகுப்பில் படித்த எல்லாருக்கும் ஒரே அப்பா. அவர் பேங்க் மேனேஜர். அம்மாவும் ஒருத்திதான், வீட்டைப் பார்த்துக்கொள்பவள், மிகவும் அன்பானவள். அண்ணன் டாக்டர். பட்டர் என்ற பெயரில் ஒரு நாய் உண்டு. மாலையானால் குடும்பம் மொத்தமும் தோட்டத்தில் உட்கார்ந்து விவாதிக்கும். எதைப் பற்றி என்று யாரும் கேட்டதில்லை.

இந்தக் குடும்பத்தைப் படைத்தவர் வகுப்பை நடத்தியவர்தான். வாத்தியாரே என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். டைரக்டர் என்று கூப்பிட வேண்டும். ஓர் அறை, ஒரு கரும்பலகை, கொஞ்சம் மடக்கு நாற்காலிகள், சுற்றும்போது அழுகிற ஒரு மின்விசிறி, இவ்வளவுக்கும் அவர் டைரக்டர். புத்தகம் கிடையாது. கொடுத்தால் ஜெராக்ஸ் எடுத்து எதிர்த்தெருவில் இன்னொரு டைரக்டர் முளைத்துவிடுவார் என்ற பயம். அதனால் எல்லாம் வாய்ப்பாடம். அவர் சொல்ல, வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்லும். மை ஃபாதர் இஸ் எ பேங்க் மேனேஜர். வாக்கியம் படியேறுகிற மாதிரி மேலே போய், கடைசிச் சொல்லில் மொட்டை மாடியில் நின்று எட்டிப் பார்க்கும். அந்த ராகம் டைரக்டரின் சொந்தச் சரக்கு.

ஒருநாள் ஒரு தச்சர் எழுந்தார்.

"சார், எங்கப்பா கொத்தனாரு. அதை எப்படிச் சொல்றது?"

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப உங்கப்பாவுக்கு என்னங்க அவசரம்?"

"இல்ல சார், என் அப்பான்னு சொல்லும்போது..."

"சொந்த அப்பா, சொந்த அம்மா எல்லாம் அட்வான்ஸ்டு கோர்ஸ்ல வரும். முதல்ல தப்பில்லாத அப்பாவைச் சொல்லிப் பழகுங்க. உட்காருங்க."

அட்வான்ஸ்டு கோர்ஸ் விரைவில் தொடங்கும் என்று வாசலில் ஒரு பலகை இருந்தது. அதில் 'விரைவில்' மட்டும் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது.

அந்த வகுப்பின் கடைசி வரிசையில், வலது மணிக்கட்டில் துணிக்கட்டோடு உட்கார்ந்திருந்தவளை இஸ்திரி அக்கா என்பார்கள். ஒரு தங்கும் விடுதியின் அடித்தளத்தில் அவளுக்கு வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, திரைச்சீலை என்று மேல்மாடிகளில் அழுக்கானதெல்லாம் அவளிடம் சுருங்கி வந்து, அவளிடமிருந்து நிமிர்ந்து போகும். கைதான் நிமிரவில்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்த டாக்டர், "இனிமே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினா, அப்புறம் டம்ளரைத் தூக்க ஆள் வைக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

விடுதியில் மாடி சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியானது. அறைகள் சுத்தமா என்று பார்க்க வேண்டும், தங்குபவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதைப் பிடித்தால் பிழைத்தாள். இல்லையென்றால் வீடு. வேன் ஓட்டும் கணவனின் சம்பாத்தியம் அந்த வேனுக்கே போதவில்லை. போட்டிக்கு ஒரே ஆள், முதலாளியின் மச்சினன். சாவிக்கொத்தைத் தூக்கவே இன்னொருவரைக் கூப்பிடுகிற ஆள். ஆனால் எதிரே புதிதாகத் திறந்த விடுதியில் சூப்பர்வைசர் ஆங்கிலம் பேசுகிறாராம். அது முதலாளியைத் தூங்கவிடவில்லை. "இங்கிலீஷ் வந்தாத்தான் வேலை. மச்சினனா இருந்தாலும் சரி, மாமனாரா இருந்தாலும் சரி" என்று அறிவித்திருந்தார்.

அவள் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே குடும்பத்தை ஒப்பித்தாள். கணவன் கதவில் சாய்ந்து கேட்டான்.

"மாமா பேங்க் மேனேஜர்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் வேனுக்கு வெளியில கடன் வாங்கியிருப்பேனா?"

"பேங்க்லதானே இருந்தாரு."

"வாசல்ல இருந்தாரு. தோட்டா இல்லாத துப்பாக்கியோட."

"வகுப்புல மத்தவங்க அப்பாங்க பேங்க் பக்கமே போகலை. நம்மளது பரவாயில்ல."

மகள் பாடத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, அப்ப எனக்கு டாக்டர் மாமா இருக்காரா?"

"இருக்காரு. ஊசி போடுவாரு. படி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மை ஃபாதர் என்று வாய் ஆரம்பிக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு காட்சி வரும். பேங்க் வாசலில் முக்காலியில் அவளுடைய அப்பா. உள்ளே போவதற்கு அந்த ஆங்கில அப்பா வருகிறார். இவர் எழுந்து சலாம் வைக்கிறார். அவர் பார்க்காமல் போகிறார். இது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதற்கு ஆங்கிலம் இன்னும் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

நேர்காணல் முதலாளியின் அறையில் நடந்தது. கேள்வி கேட்பதற்கென்று விடுதி மேனேஜர் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்துக்காகவே முதலாளி எங்கிருந்தோ கொண்டுவந்த மனிதர். புழுக்கத்திலும் டை அவிழ்க்கமாட்டார். தமிழையே மடிப்புக் கலையாமல்தான் பேசுவார். வெளிநாட்டுக்காரர்களிடம் பேசும்போது ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய் மிக மெதுவாகப் பேசுவார். உயர்ந்த ஆங்கிலம் காதில் விழாது என்று விடுதியே நம்பியது.

மச்சினன் முதலில் போய், போன வேகத்தில் வெளியே வந்தான். "வெயிட் பண்ணச் சொல்லியிருக்காங்க" என்றான். யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

"டெல் அபௌட் யுவர் ஃபேமிலி," என்றார் மேனேஜர், காதில் விழாத குரலில்.

அவள் ஆரம்பித்தாள். பேங்க் மேனேஜர் வந்தார். அன்பான அம்மா வந்தாள். அண்ணன் டாக்டரானான். முதலாளி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். கச்சேரியில் தாளம் தெரியாதவர்கள் ஆட்டுவது போல, கொஞ்சம் தாமதமாக. அண்ணனுக்குப் பிறகு அவளுக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. மணிக்கட்டு விண்விண்ணென்றது. மின்விசிறியைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

மேனேஜர் கண்ணை மூடியிருந்தார். அவருடைய விரல் மேஜையில் தட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று அவர் வாயிலிருந்து படியேறுகிற ராகத்தில், மொட்டை மாடி வரைக்கும் போய், அது வந்தது.

"வீ ஹேவ் எ டாக்."

கண்ணைத் திறந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மேனேஜர் சார் வீட்லயும் நாய் இருக்கா?" என்றார் முதலாளி. நாய் மட்டும் அவருக்குப் புரிந்தது.

ஒரு வார்த்தை போதும். இவரும் எங்க வகுப்புதாங்க என்று சொன்னால் மேனேஜரின் டை அன்றோடு அவிழ்ந்துவிடும். அவருக்கும் அது தெரிந்தது. கும்பிடப்போகிறவரைப் போல இரண்டு கையும் மேஜை விளிம்பில் சேர்ந்து நின்றன. ஆனால் அவரை இழுத்துப்போட்டால் தன்னுடைய பேங்க் மேனேஜரும் சேர்ந்து விழுவார். அதோடு, பயந்த முகத்தை அவள் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நல்ல சட்டைக்கு மேலே பார்த்ததில்லை.

"யெஸ் சார்," என்றாள் நிதானமாக. "வாட் இஸ் யுவர் டாக் நேம்?"

மேனேஜர் மூச்சுவிட்டார். "பட்டர்."

"ஓ! மை டாக் ஆல்சோ பட்டர்."

"வெரி குட். ஈவினிங்?"

"ஈவினிங் வீ சிட் இன் த கார்டன், சார்."

"அண்ட் டிஸ்கஸ்?"

"டிஸ்கஸ், சார். டெய்லி டிஸ்கஸ்."

முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இரண்டு பேர் இப்படி நிறுத்தாமல் பேசிக்கொள்வதை அவர் தன் சொந்தக் கட்டடத்தில் கண்டதில்லை. "அடடா, எதிர்விடுதிக்காரன் இதைக் கேக்கணும்!" என்று தொடையைத் தட்டினார்.

அப்போதுதான் வரவேற்பிலிருந்து போன் வந்தது. மூன்றாவது மாடியில் வெளிநாட்டு அம்மா ஒருவர் கத்துகிறாராம். பெட்டியைக் கட்டப்போகிறாராம்.

"நல்லதாப் போச்சு," என்றார் முதலாளி. "ரெண்டு பேரும் வாங்க. தோட்டத்துல பேசுற மாதிரி அங்க பேசுங்க. இந்தம்மா பேசி அவங்களை இருக்க வெச்சுட்டா வேலை இவளுக்கு. இல்லேன்னா மச்சினனுக்கு. வீட்ல எனக்குச் சோறாவது கிடைக்கும்."

படியில் முதலாளி மூச்சு வாங்கிப் பின்தங்கினார். முன்னால் ஏறிக்கொண்டே மேனேஜர் முணுமுணுத்தார்.

"எந்த மாடி?"

"மூணாவது சார்."

"அதைக் கேக்கலம்மா. டயர் கடை மாடியா?"

"ஆமா சார். நீங்களும் அங்கதானா?"

"நாங்க படிக்கும்போது கீழே பேட்டரி கடை." நின்று திரும்பிப் பார்த்தார். "மேல போய் என்ன பேசுறது?"

"நீங்க தினமும் பேசுவீங்களே சார், ஒதுக்குப்புறமா?"

"பேசுறதா? யெஸ், யெஸ்னு சொல்லிக்கிட்டே நிப்பேன். அவங்களே களைச்சுப்போய்த் தூங்கப் போயிடுவாங்க."

வெளிநாட்டு அம்மா களைப்பவராகத் தெரியவில்லை. வயதானவர், இடுப்பில் ஒரு கை, திறந்த பெட்டியின் மேல் ஒரு கை. வேகமாகப் பேசினார். "யெஸ், யெஸ்," என்றார் மேனேஜர். அந்த அம்மா எதையோ கேட்டார். "யெஸ்," என்றார் மேனேஜர். கேட்ட கேள்விக்கு அது சொல்லக்கூடாத பதில் போலிருக்கிறது. அம்மாவின் முகம் சிவந்து, ஒரு செருப்பு பெட்டிக்குள் பறந்தது.

இஸ்திரி அக்கா மனதுக்குள் குடும்பத்தைத் துழாவினாள். பேங்க் மேனேஜர், டாக்டர், அன்பான அம்மா. இந்த நேரத்துக்கு உதவ ஒருத்தரும் முன்வரவில்லை. பெரிய இடத்துச் சொந்தங்கள் எல்லாம் அப்படித்தான்.

இரண்டாவது செருப்பும் போவதற்குள் அவள் கையைத் தூக்கினாள். துணிக்கட்டுப் போட்ட கை.

"மேடம், ஸ்டாப். ஐ டோன்ட் நோ இங்கிலீஷ்."

வாசலில் வந்து நின்ற முதலாளியின் வாய் திறந்தது. உலகத்திலேயே அந்த ஒரு ஆங்கில வாக்கியம்தான் அவருக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் எதிரே வந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் நழுவுவார். மேனேஜர் சுவரோடு சாய்ந்தார்.

அந்த அம்மா அவளைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு தோள் குலுங்கியது, சிரிப்பு.

"மீ ஆல்சோ!" என்றார் நெஞ்சைத் தட்டி. "மை கண்ட்ரி, நோ இங்கிலீஷ். ஐ லேர்ன். கிளாஸ்." பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, மேஜையில் தட்டு வைப்பது போல வைத்தார். "விண்டோ. நோ குளோஸ். விண்ட். ஐ நோ ஸ்லீப்."

இவ்வளவுதானா? இஸ்திரி அக்கா ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். கொக்கி உடைந்திருந்தது. "சார், நீங்க இழுங்க. என் கை ஆகாது."

மேனேஜர் இழுத்தார். டை குறுக்கே வந்தது. கழற்றிக் கட்டிலில் போட்டார். திரைச்சீலையின் கயிற்றை உருவி, ஜன்னலின் கைப்பிடியையும் சுவரிலிருந்த வளையத்தையும் சேர்த்து, இரண்டு சுற்று, உள்ளே ஒரு மடக்கு, ஒரே இழுப்பு. ஜன்னல் அசையவில்லை. அந்த அம்மா எழுந்து வந்து முடிச்சை விரலால் தொட்டார்.

"குட்! யூ லேர்ன் வேர்?"

"மை ஃபாதர்," என்றார் மேனேஜர். குரல் பழக்கத்தில் படியேறத் தொடங்கியது. அடுத்த வார்த்தை எது என்று அந்த அறையில் அவளுக்கும் தெரியும். அது வரவில்லை. அவர் கை இன்னும் முடிச்சின் மேலேயே இருந்தது.

"மை ஃபாதர்... சர்க்கஸ்."

"ஓ! லயன்?"

"நோ லயன். நோ ஜோக்கர்." வார்த்தை தேடி இரண்டு கையையும் விரித்தார், அறை போதவில்லை. "டென்ட். பிக், பிக் டென்ட். ரெயின் கம். விண்ட் கம். ஆல் பீப்பிள் இன்சைட். மை ஃபாதர் அவுட்சைட். ரோப்." முஷ்டிகளை மார்போடு இறுக்கிக் காட்டினார். "ஹீ ஹோல்ட்."

ராகமே இல்லை. அந்த அம்மா அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியிலிருந்து செருப்பை எடுத்துக் கீழே போட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் முதலாளி இஸ்திரி அக்காவை மடக்கினார்.

"இங்கிலீஷ் தெரியாதுன்னுதானே சொன்ன?"

"ஆமாங்க முதலாளி."

"அப்புறம் எப்படி சிரிச்சுது அந்தம்மா?"

"அவங்களுக்கும் தெரியாதுங்க."

"நானும் வருஷக்கணக்கா அதையேதான் சொல்றேன். என்னைப் பார்த்து ஒருத்தரும் சிரிச்சதில்லையே?"

"நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. நான் போகலைங்க."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். கழுத்து வெறுமையாக நின்ற மேனேஜர் இந்த முறை மெதுவாகப் பேசவில்லை. "இந்த அம்மாவையே போடுங்க சார். எனக்கும் துணையா இருக்கும். எனக்கு வர்ற இங்கிலீஷ் என்னன்னு இப்ப நீங்களே கேட்டீங்க."

"கேட்டேன், கேட்டேன். சர்க்கஸ், டென்ட். முதல் தடவையா நீங்க பேசினது எனக்கே புரிஞ்சுது. நல்ல முன்னேற்றம்." முதலாளி சட்டைக் காலரைத் தூக்கி உள்ளே ஊதிக்கொண்டார். கீழே மச்சினன் இன்னும் காத்திருந்தான். "சரி, நாளையிலேருந்து மாடிக்கு வந்துடும்மா. அந்தக் கையைப் பத்திரமாப் பாத்துக்க. மச்சினன்கிட்ட மட்டும் நீயே சொல்லிடு."

"நானா? என்னன்னு சொல்றதுங்க?"

"இங்கிலீஷ்ல சொல்லு. கோபப்படமாட்டான். விளங்கினாத்தானே!"