கோழியும் பிரம்பும்

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் சன்னாசிக் கங்காணி வளர்த்த நாய் கோழி தின்னப் பழகிவிட்டது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களைப் போல அதுவும் அடிக்கு அடங்கும் என்று அவர் நம்பினார். செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டி, பிரம்பு பிளக்கும்வரை அடித்தார். வாயில் இரத்தம் வடிய ஊளையிட்ட நாய், அவிழ்த்துவிட்டதும் அடுத்த கோழியைப் பிடித்தது.

சில நாள் கழித்து, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கனகரத்தினம் நாய்க்குக் கோழிக்கறி கொடுத்து, உடனே ஓர் ஊசி போட்டார்.

"இது வயித்தைத் தொடாது, நேரே மூளைக்குப் போய்ச் சத்தி எடுக்க வைக்கும். பிறகு கோழியெண்டாலே அதுக்கு அருவருக்கும்," என்றார்.

நாய் குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்து நடுங்கிக் கிடந்தது.

மறுநாள் கோழிகள் அதன் மூக்கருகே மேய்ந்தன. நாய் பின்வாங்கியது. அப்போதும் கங்காணி பிரம்பை எடுத்தார்.

"அதுதான் கோழியத் தொடலையே, விடுங்க!" என்று மனைவி இராக்காயி கத்தினாள்.

"நேத்து அடி விழலல்ல, திமிரு ஏறியிருக்கும்."

பிரம்பு இறங்குமுன் நாய் பாய்ந்தது. அது கடித்ததில் பிரம்பு பிடித்த கையின் மணிக்கட்டு நொறுங்கி அவர் அலறி விழுந்தார். சிந்திய இரத்தத்தை ஒரு கோழி வந்து கொத்தியது. நாய் அந்தக் கோழியைக் கண்டு அருவருத்து முகத்தைத் திருப்பியது. பிறகு கங்காணியின் மற்றக் கையைக் கவ்வியது.