போர்த்திய ஊசிக்குள் என்ன?

"ஸ்டீராய்டா? என் பொண்ணுக்கா?" என்று என் கணவர் போட்ட சத்தத்தில், பச்சிளங்குழந்தைகள் பிரிவின் வாசலில் இருந்த காவலாளி எழுந்தே நின்றுவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். ஸ்டீராய்டு என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சீக்கிரம் புஜம் ஏற வேண்டும் என்று பையன்கள் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்ளும் ஊசி. மாட்டியவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வயிற்றில் தையல் மட்டும் இல்லாதிருந்தால் அன்று அவரையே தள்ளியிருப்பேன்.

எங்கள் மகள் பிறந்தபோது அழவில்லை. கழுத்தில் கொடி சுற்றி, மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. மூளை மேலும் கெடாமலிருக்க உடம்பைக் குளிர்விக்கும் மெத்தையில் கிடத்தியிருந்தார்கள். வலிப்பு மருந்துகளும் ஏறிக்கொண்டிருந்தன. அப்படியும் வலிப்பு விட்டு விட்டு வந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "நீங்க நினைக்கிறது வேற, இது வேற. வயித்துல இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியா இந்த மாதிரி ஒண்ணு குழந்தையோட மூளைக்குப் போய்க்கிட்டே இருக்கும், மூளையை அமைதியா வெச்சுக்கும். பொறந்ததும் அது நின்னுடுது. அதைத்தான் ஊசி வழியா கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாக்கறோம். அது ஏறினா தூக்கம் வரும். இன்னும் சோதனையிலதான் இருக்கு. பாதிக் குழந்தைங்களுக்கு மருந்து, மீதிக் குழந்தைங்களுக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"இதென்ன டாக்டர், குலுக்கலா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். சம்மதம்னா இதுல கையெழுத்துப் போடுங்க."

என்னோடு இருந்தவரை அவளுக்குத் தடையில்லாமல் கிடைத்த ஒன்று. நான் கணவர் பக்கம் திரும்பினேன். "போடுங்க கையெழுத்த" என்றேன்.

"ஏதாவது ஆச்சுன்னா உன் தலையிலதான்."

"என் தலையிலேயே இருந்துட்டுப் போகட்டும். போடுங்க."

போட்டார்.

உள்ளே எது என்று யாருக்கும் தெரியக்கூடாதென்று மருந்து ஊசிக்குக் கறுப்பு உறை போட்டிருந்தார்கள். என் கணவர் சுற்றிச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார். "வீணா கழுத்து சுளுக்கிக்கும் சார், நாங்களே பாத்து அலுத்துட்டோம்" என்றார் நர்ஸ்.

வலிப்பு நின்றது. மகள் தூங்கினாள். "மருந்துதான் கெடச்சிருக்கு! தூக்கம் வரும்னு டாக்டரே சொன்னாங்கல்ல?" என்று அவர் பூரித்துப்போய், வருவோர் போவோரையெல்லாம் "உஷ்" என்று அடக்கினார். எனக்கோ நம்ப முடியவில்லை. துணி மாற்றினாலும் அசையாத தூக்கம் என்ன தூக்கம்?

டாக்டரம்மாவை ஓரமாகக் கூப்பிட்டேன். "இது மருந்தோட தூக்கமா, இல்ல அடிபட்ட மூளையோட தூக்கமா?"

"இப்ப சொல்ல முடியாதும்மா. ஊசியை நிறுத்தினதும் பாக்கணும். மருந்தால வந்ததுன்னா, அது எறங்க எறங்க முழிப்பா."

"இல்லன்னா?"

அவர் என் தோளைத் தொட்டார். அதற்குப் பதில் ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

உடம்புச் சூட்டைப் பழையபடி ஏற்றினார்கள். ஊசியை நிறுத்தினார்கள். அவள் தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். உஷ் சொன்ன மனுஷன் இப்போது அவள் உள்ளங்காலைத் தேய்த்து, எடை தூக்க முடியாத பையன்களிடம் சொல்வதைப் போலவே கெஞ்சினார்: "முடியும்டா கண்ணு... இன்னும் கொஞ்சம்... விட்டுடாத..." பிறகு என் பக்கம் திரும்பி, "தப்புப் பண்ணிட்டோமா?" என்றார்.

"வாய மூடுங்க" என்றேன். அந்த உறைக்குள் இருந்தது வெறும் திரவம் என்றால், இந்தத் தூக்கம் அவளுடையது. என் பிள்ளையை மயக்கிப் போட்டது மருந்தாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட அம்மா உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ரத்தம் எடுக்க நர்ஸ் குதிகாலில் குத்தினார். கால் வெடுக்கென்று பின்னால் போனது. உதடு கோணியது. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு கரகரவென்று, யார் மேலோ மகா கோபத்தோடு, என் மகள் அழுதாள்.

என் கணவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா ஓடிவந்து, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "நல்ல அறிகுறிதான். ஆனா நடக்கிற, பேசற வயசு வரைக்கும் எதையும் உறுதியா..."

என் சட்டையின் முன்புறம் முழுக்க நனைந்திருந்தது. அதுவரை எத்தனை பிழிந்தும் சொட்டுக்கூட வராத பால்.

"அதெல்லாம் அப்புறம் டாக்டர்" என்று கையை நீட்டினேன். "பிள்ளைக்குப் பசிக்குது. முதல்ல குடுங்க."