ஓட்டைக்குச் சாட்சி

இப்போதெல்லாம் மனிதர்கள் எதையும் பார்ப்பதில்லை, படம்தான் பிடிக்கிறார்கள் என்பது சீனித்தம்பியரின் பெரிய மனக்குறை. செத்த வீட்டுக்கு வருகிறவன் பிணத்தைப் பார்க்குமுன் கமராவின் பின்பக்கத்தைப் பார்க்கிறான். அரிசிப் பை கொடுக்க வருகிறவன் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறு முனையை வாங்குகிறவன் கையில் திணித்து, வெளிச்சம் வெட்டும்வரை விடமாட்டேன் என்று நிற்கிறான். சுனாமி என்று கடல் ஏறி இறங்கி வருசம் ஒன்று ஆகப்போகிறது. அதற்குள் அவருடைய மனைவி கண்ணகைக்கு ஒரே பிளாஸ்ரிக் வாளி மூன்று தரம் கிடைத்தது. முதல் தரம் அவள் கண்ணை மூடிவிட்டாளாம். இரண்டாம் தரம் சிரிக்கவில்லையாம். மூன்றாம் தரம் சிரித்தாள். பாதிக்கப்பட்ட பெண் இப்படிப் பல்லைக் காட்டலாமா என்று வாளியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆத்துவாய்க்குக் கிட்ட, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணலில்தான் அவர் வீடு. கடல் ஏறிய அன்று அது அவருடைய தோணியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தென்னங்குற்றியில் குத்தி, வலப்பக்கத்தில் ஆள் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டது. வலையைக் கொண்டே போய்விட்டது. பக்கத்து வளவு வல்லிபுரத்துக்கு நேர்மாறு. தோணி சிராய் சிராயாய்ப் போக, வலை மட்டும் புன்னைமரத்தில் சிக்கித் தப்பியது. ஒருவரிடம் தோணி, மற்றவரிடம் வலை. ஆனால் ஒரு வேலிக் கதியால் தடி எந்தப் பக்கம் என்பதில் பிடித்த சண்டையால் இருவருக்கும் பல வருசமாகப் பேச்சில்லை. வல்லிபுரத்தை நம்பி ஒரு நெருப்புக்குச்சிகூடக் கொடுக்க மாட்டேன் என்பது சீனித்தம்பியரின் கட்சி.

வெளிநாட்டுக் காசில் நடக்கும் நிறுவனம் ஒன்று, வலை பறிகொடுத்தவர்களுக்குப் புது வலை தருவோம் என்று வந்தது. ஒரு நிபந்தனை: படம் வேண்டும். போய்விட்ட வலையை எப்படிப் படம் பிடிப்பது என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் உடைந்த தோணியின் ஓட்டையையே வலைக்கும் சாட்சியாக ஏற்பதென்று முடிவாயிற்று. டவுணிலிருந்து வின்சன்ற் என்ற உத்தியோகத்தன் கமராவோடு வந்தான். ஓட்டைக்குப் பக்கத்தில் சீனித்தம்பியரை நிறுத்தி, இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொன்னான். தோணியே மிஞ்சாத வல்லிபுரம், வலை இருந்தும் தனக்கும் ஒன்று கிடைக்குமோ என்று வெறும் மணலைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"எடுத்தாச்சி ஐயா. இனித் தோணியத் திருத்துங்க," என்றான் வின்சன்ற்.

சீனித்தம்பியர் கோழிக்கூட்டுக் கதவைக் கழற்றினார். அதை அளவாக அறுத்து ஓட்டையில் வைத்து, ஆணி அடித்து, பஞ்சும் தாரும் இட்டு அடைத்தார். தோணி தண்ணீரில் மிதந்தது. கதவில்லாத கூட்டில் படுக்கப் பயந்து கோழிகள் கண்ணகையின் குசினிக்குக் குடிவந்தன. வலை வந்தால் எல்லாம் சரியாகும் என்று அவள் பொறுத்துக்கொண்டாள்.

வலை வரவில்லை. வின்சன்ற்தான் வந்தான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"ஐயா, அந்த ஓட்டைய இன்னொருக்கா காட்டேலுமா?"

"எந்த ஓட்டைய?"

"தோணில இருந்த ஓட்டைய."

"அத அடைச்சி எத்தின நாள்! நீதானே மகன் அடைக்கச் சொன்ன?"

"படம் அழிஞ்சிட்டு ஐயா."

"தானா அழிஞ்சதா, நீ அழிச்சயா?"

வின்சன்ற் வேலிப் பக்கம் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். கமராவுக்குள் படம் சேர்கிற கார்ட்டில், உங்களைப் பிடித்த அதே கார்ட்டில், வாவிக்கு அங்கால், படுவான்கரையில் ஒரு கிணறு திறந்த படமும் இருந்தது. அந்தப் படத்தின் மூலையில் இயக்கப் பொடியன்களின் கொடி ஒன்று பறந்தது. சென்றியில் சோதனை போடும் ஆமிக்காரன் கமராவை வாங்கிப் பார்த்தால் என் கதை என்னாவது? பாலத்தடிக்கு வந்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க நேரம் இல்லை. போர்மட் பண்ணிவிட்டேன்.

"அதென்ன சாமான்?"

"ஒரே அமுக்கு ஐயா. கார்ட் முழுக்கத் துப்பரவு."

"ஒரு கொடிக்காக எங்கட ஊர்ட ஓட்டையெல்லாத்தையும் துப்பரவாக்கிட்டாய்!"

வின்சன்ற் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு துணிப்பையை எடுத்தான். அதற்குள் ஒரு பிளாஸ்ரிக் கூடு. கூட்டுக்குள் பெருவிரல் நகத்தளவில் நீலத் துண்டு ஒன்று. இது புதுக் கார்ட், அங்கால் போனதே இல்லை என்றான். கொழும்பில் ஹோட்டலில் வைத்துத் தங்களுக்கு இதைப் பராமரிக்கும் விதத்தைப் படிப்பித்தார்கள் என்றான். அதன் ஓரத்தில் பொன்போல மினுங்கும் பல்லில் கைபடக் கூடாது. உப்புக் காற்று ஆகாது. சிவப்பு லைற் எரியும்போது கழற்றக் கூடாது. படங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் போர்மட் பண்ண வேண்டும்.

"பெத்த புள்ளையக்கூட இப்பிடிச் சுத்தி வைக்கமாட்டாங்க," என்றார் சீனித்தம்பியர். "இம்புட்டும் படிச்சித்தானா அழிச்ச?"

அவர் மாட்டேன் என்றுதான் சொன்னார். கண்ணகை விடவில்லை. மேற்கே மாரி இருட்டிக்கொண்டு வந்தது. வாவியில் வெள்ளம் ஏறினால், ஆத்துவாயை மூடிக் கிடக்கும் மணலை வெட்டிக் கடலுக்குத் திறப்பார்கள். கடல்மீன் வாவிக்குள் ஏறும். அந்தக் கிழமைகளில் பிடிப்பதை வைத்துத்தான் மிச்ச வருசத்தை ஓட்ட வேண்டும்.

"இஞ்ச பாருங்க, ஆத்துவாய வெட்டினா உங்கட தோணில ஏறி நிண்டு மீனக் கையாலயா அள்ளுவீங்க? அந்தப் பலகைய ஒள்ளம் கழட்டிக் காட்டுங்க. மறுகா அடிச்சாப் போச்சி."

"அடிச்ச ஆணியப் புடுங்கிறதும் புடுங்கின ஆணிய அடிக்கிறதும், வேற வேல இல்லையா எனக்கு?"

"வேற என்ன வேல? வலதான் இல்லையே!"

சீனித்தம்பியர் சுத்தியலை எடுத்தார். தோணியைக் கரைக்கு இழுத்து, தாரைச் சுரண்டி, ஆணியைப் பிடுங்கி, தானே அடைத்த ஓட்டையைத் தானே திறந்தார். வின்சன்ற் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ஐயா, ஓட்ட வலு துப்பரவா இரிக்கி. கடல் உடைச்ச மாதிரித் தெரியல்ல. ஓரத்த ஒள்ளம் பிய்ச்சி விடேலாதா?"

"உன்ட காதப் பிய்ச்சி விடுறன், அதப் படம் பிடி!"

கமரா இரண்டு தரம் வெட்டியது. வின்சன்ற் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். சின்னஞ்சிறு சீனித்தம்பியர் ஒருவர், சின்னஞ்சிறு ஓட்டைக்குப் பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றார். இது இன்று பின்னேரமே கொழும்புக்குப் போக வேண்டும், நாளைக்கு முடிவு கட்டிவிடுவார்கள் என்றான் வின்சன்ற்.

"அப்ப நானும் வாறன்," என்றார் சீனித்தம்பியர்.

"எங்க?"

"உன்னோட. இது உன்ட கையால போய் அந்தக் கொம்பியூட்டருக்குள்ள இறங்கிறத என்ட கண்ணால காண வேணும்."

சொன்னபடியே நிறுவனத்தின் பிக்கப் வாகனத்தில் ஏறினார். பலகையையும் கொண்டு ஏறினார். அது எதற்கு என்று வின்சன்ற் கேட்டான்.

"படம் அழிஞ்சாலும் பலக அழியாது. உன்ட பெரியவர் கேட்டா இதக் காட்டுவன். ஆணி போன ஓட்டையெல்லாம் அப்பிடியே இரிக்கி."

வழியெல்லாம் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. வின்சன்றின் மடியில் இருந்த கமராவையே காவல் காத்தார். பாலம் தெரிந்தது. மண்மூட்டை அடுக்கிய சென்றி தெரிந்தது. மூட்டைக்கு மேல் துவக்கும் தொப்பியும் தெரிந்தன. சாரதி வேகத்தைக் குறைத்தான். வின்சன்றின் கண் முன்னால் சென்றியைப் பார்த்துக்கொண்டிருந்தது; அவன் பெருவிரல் கீழே கமராவின் முதுகில் தன்பாட்டில் நடந்தது. டிக், டிக் என்று இரண்டு சத்தம்.

"மகன், என்ன அமுக்கினாய்?"

வின்சன்ற் குனிந்து பார்த்தான். திரையில் படம் ஒன்றும் இல்லை.

"மாதாவே," என்றான்.

ஆமிக்காரன் கையைக் காட்டி நிறுத்தினான். கமரா வின்சன்றின் கழுத்தில் மாலைபோலத் தொங்கியது; அதை ஆமிக்காரன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் கண் நேரே பலகைக்குத்தான் போனது.

"அய்யா, இது என்ன?"

"பலக."

"என்ன பலக?"

"கோழிக்கூட்டுப் பலக."

"கோழி எங்க?"

"குசினில."

"ஏன் டவுணுக்குக் கொண்டு போற?"

இதற்கு உண்மையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று சீனித்தம்பியருக்கே தெரிந்தது. ஆனாலும் சொன்னார். கோழிக்கூட்டில் இருந்த கதவு தோணிக்குப் போனது, தோணியில் இருந்து படத்துக்காகக் கழன்றது, படம் இப்போதுதான் செத்தது. ஆமிக்காரன் பலகையை வாங்கித் தட்டிப் பார்த்தான். வெயிலுக்கு நேரே பிடித்து ஆணித் துவாரங்களுக்குள் ஒரு கண்ணால் பார்த்தான். தாரை முகர்ந்தான். பெரியவனைக் கூப்பிட்டான், பெரியவனும் முகர்ந்தான். கடைசியில் பலகையைத் திருப்பிக் கொடுத்துப் போகச் சொன்னார்கள். பிக்கப் தாண்டியதும் பின்னால் முள்ளுக்கம்பியை இழுத்து ரோட்டை மூடினார்கள். எங்கோ சுற்றிவளைப்பாம், நாளைக் காலை வரை வாகனம் ஒன்றும் திரும்பிப் போகக் கூடாது, நடந்து போகிறவன் போகலாம் என்றார்கள்.

பிக்கப் ஓரமாக நின்றது. வின்சன்ற் இறங்கிவந்து கதவைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, கோவிக்காதீங்க. என்ட கை பழகிப்போச்சி."

"கொடி இல்லையே மகன்! உள்ளுக்கு இருந்தது என்ட ஓட்ட மட்டும்தானே! அதையும் கண்டு பயந்தயா?"

"இல்ல ஐயா, கேளுங்க. அழிச்சாலும் படம் உள்ளுக்குத்தான் இரிக்கும். மேலால உள்ள அடையாளத்த மட்டும்தான் துடைக்கிற. இந்தக் கார்ட்டில இனிப் புதுசா ஒரு படமும் பிடிக்காம அப்பிடியே கொழும்புக்கு அனுப்பினா, திரும்ப எடுத்துத் தருவாங்க. அதுக்கெண்டு ஆள் இரிக்கி."

சீனித்தம்பியர் பலகையை நிலத்தில் ஊன்றி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"உள்ளுக்கு இரிக்கா?"

"இரிக்கி ஐயா. சத்தியமா."

"அப்ப கொழும்பான் எடுக்கிறத ஆமிக்காரன் எடுக்கமாட்டானா? உள்ளுக்கு இரிக்கெண்டா நீ அழிச்சது வீண். உள்ளுக்கு இல்லையெண்டா இப்ப நீ பறையிறது பொய். ரெண்டில எது?"

வின்சன்ற் கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இதை அந்த ஹோட்டலில் படிப்பிக்கவில்லைபோலும்.

சாரதி மெல்லச் சிரித்து, பிறகு இருமுவதுபோல மாற்றினான்.

சீனித்தம்பியர் வாவியைப் பார்த்தார். மழை அக்கரையில் இறங்கிவிட்டது. தண்ணீர் கறுத்துப் புரண்டது. கெதியில் ஆத்துவாயை வெட்டிவிடுவார்கள். கொழும்பான் தேடிக் கண்டுபிடித்து, வெள்ளைக்காரன் பார்த்துத் தலையை ஆட்டி, வலை வந்து சேர்கிற நேரத்தில் மீன் கடலுக்கே திரும்பியிருக்கும். வல்லிபுரத்தின் வலை நினைவுக்கு வந்தது. வல்லிபுரத்தையும் நம்பேலாதுதான். பாதிக்குப் பாதி என்று சொல்லிவிட்டுத் தனக்குப் பெரிய பாதியை எடுக்கிற ஆள். ஆனால் அந்த வலை புன்னைமரத்தில் தொங்குவதை ஒவ்வொரு நாளும் வேலிக்கு மேலால் கண்ணால் கண்டிருக்கிறார். அதை ஒருவன் ஒரே அமுக்கில் இல்லாமல் ஆக்க முடியாது.

பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு சென்றிப் பக்கம் திரும்பினார்.

"ஐயா, எங்க போறீங்க? மழ வருது!"

"ஓட்டைய அடைக்க."

"நில்லுங்க ஐயா! ஒருக்கா இஞ்சால திரும்பி, பலகையோட நில்லுங்க. இதையும் சேர்த்து அனுப்பினா நம்புவாங்க!"

அவர் திரும்பவில்லை. முள்ளுக்கம்பியடியில் ஆமிக்காரன் பலகையைக் கண்டு மறுபடியும் கையை நீட்டினான். முகர்வதற்காக அவரே அதை இறக்கிக் கொடுத்தார். புதுப் படம் ஒன்றும் பிடிக்கக் கூடாது என்று சொன்னவனின் கமரா பின்னால் ஒரு தரம் வெட்டியது. சீனித்தம்பியர் பலகையை வாங்கி மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, மழைக்கு முன் வீடு சேர வேண்டுமென்று எட்டி நடந்தார்.