சீசனுக்குக் காலி பண்ணாத வீடு

வீட்டு ஓனர் லட்சுமிநாராயணன் சென்னையிலிருந்து போன் போட்டபோது குழல்வாய்மொழி பள்ளிக்கூடத்துக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கொசுவத்தை மடித்தாள்.

"என்னம்மா, குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சாச்சாமே. எப்ப காலி பண்றீங்க?"

மடித்த கொசுவம் கையிலிருந்து நழுவியது.

"எதுக்கு சார் காலி பண்ணணும்?"

"சீசனுக்குத்தான். ஆகஸ்ட் முடிஞ்சதும் தாராளமா திரும்பி வந்துடுங்க. சாமானை எல்லாம் ஒரு ரூம்ல போட்டுப் பூட்டிக்குங்க, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பெரிய மனசு பண்ணி வரம் கொடுக்கிற குரல். பள்ளிக்கு நேரமாகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அவள் நேராகப் பக்கத்து பிளாட்டின் மணியை அழுத்தினாள். அங்கே ஜுஹைனா கைப்பிள்ளையோடு வாடகைக்கு இருந்தாள். புருஷன் துபாயில். கதவைத் திறந்தவளுக்குப் பின்னால் ஹாலில் அட்டைப் பெட்டிகள் ஏற்கெனவே வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தன.

"உனக்குத் தெரியாதா குழலு? இங்கன எல்லாரும் அப்படித்தான். சீசன்ல இது நாள் வாடகை வீடு. நாங்க கடையநல்லூருக்குப் போயிட்டு செப்டம்பர்ல வந்துருவோம். நீ வீ.கே.புதூர்க்காரிதானே, இது கூடவா தெரியாது?"

"வீ.கே.புதூர்க்காரி குத்தாலத்துக்குக் குளிக்க வருவா. குளிச்சிட்டு ஈரத்துணியோட பஸ் ஏறிப் போயிருவா. தங்குதவன் எங்கன தங்குதான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

உண்மைதான். சின்ன வயதிலிருந்து எத்தனையோ சாரலுக்கு வந்திருக்கிறாள். அருவிக்கரையில் கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பியிருக்கிறாள். காசுள்ளவர்கள் இரவு தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும், அதற்காக மாதவாடகைக்காரன் பாயைச் சுருட்ட வேண்டும் என்ற சட்டத்தை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பி.எஸ்சி., பி.எட். பாடத்திலும் அது இல்லை.

இந்த வீடு கிடைப்பதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தென்காசியில் வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆரம்பித்தார்கள். "டீச்சரா, நல்லது. சொந்த ஊரு எது? அங்கன எந்தத் தெரு?" தெருவின் பேரைச் சொன்னதும் மகள் பிரசவத்துக்கு வரப்போவதாக அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். தெருவுக்கு இரண்டு மகள்களாவது அந்த வருஷம் பிரசவத்துக்கு வந்தார்கள். குற்றாலம் சாலையில் புதிதாக எழும்பியிருந்த இந்த 'சாரல் என்கிளேவ்' காம்ப்ளெக்ஸில் மட்டும்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆதார் காப்பியை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள்.

அம்மா மாடத்திக்கு இரண்டு முட்டும் தேய்ந்துபோயிருந்தன. ஊரில் கக்கூஸுக்குப் போவதே ஒரு யாத்திரை. இங்கே லிப்ட் இருந்தது, குழாயைத் திருகினால் எந்நேரமும் தண்ணீர் வந்தது. வந்த முதல் மாதம் மாடத்தி குளியலறையை விட்டு வெளியே வரவே மனசில்லாமல் கிடந்தாள்.

குறையும் இல்லாமலில்லை. கட்டி இரண்டு வருஷம்கூட ஆகாத சுவரில் ஓதம் ஏறியது. இந்த வீட்டில் நடந்தால் கீழ்வீட்டில் தலை அதிர்ந்தது. பால்கனியில் துணி காயப் போடக்கூடாது என்றார் அசோசியேஷன் செக்ரட்டரி முத்துக்குமாரசாமி. சாரல் காலத்தில் வேறெங்கே போடுவது என்று கேட்டால் அதே விதியைத் திரும்பச் சொன்னார். மாடத்தி பீடி சுற்றுவது தெரிந்ததும், காரிடாரில் புகையிலை வாடை வருகிறது என்று வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் போடாமல் ஒரு செய்தி போட்டார். பெயர் போட வேண்டியதே இல்லை, காம்ப்ளெக்ஸில் பீடி சுற்றுகிறவள் ஒருத்திதான். இத்தனையையும் குழல்வாய்மொழி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். இன்னொரு தரம் ஏஜென்டோடு தெருத்தெருவாக அலைய அவளால் முடியாது.

அன்று சாயங்காலம் அவளே ஓனரைக் கூப்பிட்டாள்.

"சார், எங்களால காலி பண்ண முடியாது. அம்மாவுக்கு முட்டு சரியில்ல. ஊர்ல வச்சுப் பாக்க முடியாது. வாடகை எப்பவும்போல ஒண்ணாந்தேதி வந்துரும்."

அவர் சிரித்தார். "பாத்துக்கலாம்மா, பாத்துக்கலாம்" என்றார். அந்தச் சிரிப்பை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். படித்தவள் செய்த தப்பு அதுதான்.

சனிக்கிழமை பள்ளி அரைநாள். மத்தியானம் வந்தவளுக்கு லிப்டுக்குள் கால் வழுக்கியது. தரையெங்கும் எண்ணெய். மூன்றாவது மாடியில் கதவு திறந்தபோது அவள் வீட்டு வாசலில் ஒரு கடை போடும் அளவுக்குச் செருப்புகள் கிடந்தன.

உள்ளே ஹால் நடுவில், இடுப்பில் துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய ஒரு பெரிய மனிதர் நின்றுகொண்டிருந்தார். சமையல் மேடையில் இரண்டு பெண்கள் தேங்காய் துருவினார்கள். குழந்தைகள் அவள் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தன. மாடத்தி மடியில் பீடி இலை பரப்பிய சொளவோடு சுவர் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"யம்மா, யாரு இவங்க?"

"ஒன் பள்ளிக்கூடத்து ஆளுகன்னுல்லா நெனச்சேன். வாட்ச்மேன் சங்கரபாண்டிதான் சாவி போட்டுத் திறந்துவிட்டான். ஏட்டி, கூப்பாடு போடாத. வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்துருக்கேன்."

"தண்ணியா குடுத்த? எந்திரிச்சு நடுவீட்டையே குடுத்துட்டு மூலையில உக்காந்திருக்க."

எண்ணெய் மனிதர் மரியாதைக்காரர். துண்டை இறுக்கிக்கொண்டு, "நாங்க அருப்புக்கோட்டைம்மா. ஓனருக்குப் பணம் போட்டுத்தான் வந்திருக்கோம். பாட்டிம்மா வீட்டோட இருக்கற சமையக்காரவுகன்னு நெனச்சோம்" என்றார்.

குழல்வாய்மொழி போனை எடுத்து ஓனரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கெஸ்ட் வந்தாச்சா?" என்றார் லட்சுமிநாராயணன். "ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்களேன். நீங்க ஒரு ரூம்ல இருந்துண்டா அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நான் சொல்லுவேன். அடுத்தவன் குடியிருக்குத வீட்டுக்குள்ள ஆள் அனுப்பியிருக்கீங்க. போலீசுக்குப் போன் போடட்டுமா, இல்ல அவங்க பணத்தத் திருப்பிப் போடுதீங்களா? நான் லைன்லயே நிக்கேன்."

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. அருப்புக்கோட்டைக்காரர் போனின் பக்கம் குனிந்து, "ஆள் இருக்கற வீடுன்னு சொல்லவேயில்லையே சார்" என்றார், மிகவும் நொந்துபோன குரலில். அதற்குமேல் ஓனரால் அட்ஜஸ்ட் என்ற வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. பணம் திரும்பி வந்த பிறகு அவர்கள் சாமான்களைக் கட்டினார்கள். போகும்போது ஒரு பெண் துருவிய தேங்காயை மாடத்தியிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

பின்னாலேயே செக்ரட்டரி முத்துக்குமாரசாமி வந்தார்.

"என்ன டீச்சர், வந்த கெஸ்டை இப்படி விரட்டலாமா? காம்ப்ளெக்ஸ் பேரு கெட்டுப்போகும்லா."

"அண்ணாச்சி, லிப்ட்ல எண்ணெய் கெடக்கு. எங்கம்மா போற லிப்ட். மொதல்ல அதுக்கு ஒரு மெசேஜ் போடுங்க. பேர் போட்டே போடுங்க."

அவர் எண்ணெயைப் பார்க்கப் போகிறவரைப்போல நழுவிவிட்டார்.

அவள் புடவையைக்கூட மாற்றவில்லை. பஸ் ஏறித் தென்காசிக்குப் போய்ப் புதுப்பூட்டு வாங்கி, ஒரு தச்சரைக் கையோடு கூட்டிவந்து, விளக்கு வைப்பதற்குள் மாட்டிவிட்டாள். வாட்ச்மேனுக்குச் சாவி கொடுக்கவில்லை. ஓனர் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதாக எழுதினார். 'அனுப்புங்க சார், வாங்கிக்கிட வீட்டுல ஆள் இருக்கும்' என்று பதில் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலையில் மணி அடித்தது. சண்டைக்குத் தயாராகத்தான் கதவைத் திறந்தாள். ஜுஹைனா நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் ஒரு பிரிட்ஜைச் சாய்த்துப் பிடித்திருந்தார்கள்.

"குழலு, நீதான் போகலையே. எங்க ஓனரு சாமான் வைக்க ஒரு ரூம்கூட விடலை. இத உன் ஹாலுல வச்சிக்கிடுதியா? ஊருக்குக் கொண்டுபோனா வண்டி ஆட்டத்துலயே கெட்டுப்போயிரும்."

"ஏ ஜுஹைனா, நானும் வீட்ட விட்டுப் போக மாட்டேன்னு நீயும் சொல்லலாம்ல?"

"நீ சொல்லிட்டேல்லா. அடுத்த வருசம் பாப்போம்" என்றாள் ஜுஹைனா, துளிக்கூட வெட்கமில்லாமல். "வாஷிங் மெஷினும் இருக்கு. சின்னதுதான்."

மத்தியானத்துக்குள் சேதி மாடி மாடியாகப் பரவிவிட்டது. நான்காவது மாடி பேங்க்காரர் வீட்டுத் தொட்டில் வந்தது. முதல் மாடியிலிருந்து, ஒருநாள்கூடக் குழல்வாய்மொழியிடம் முகம் கொடுத்துப் பேசியிராத உமாதேவி, "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க" என்று ஒரு டிவியை அணைத்துக்கொண்டு வந்தாள். யாருக்கும் எதிர்த்துப் பேச வாய் இல்லை. பேசினவள் வீட்டில் இடம் மட்டும் வேண்டியிருக்கிறது. குழல்வாய்மொழிக்கு வந்த எரிச்சலில் எல்லாவற்றையும் லிப்டில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடலாம் போலிருந்தது.

மாடத்தி பீடிச் சொளவை எடுத்துக்கொண்டு பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் கிடைத்த சந்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"நம்ம வீட்ட நாம காப்பாத்திட்டோம்ட்டி" என்றாள். "இனி படுக்கதுக்குத்தான் இடம் பாக்கணும்."

குழல்வாய்மொழி வாசலைப் பார்த்தாள். யாரோ கட்டிலோடு நின்றார்கள்.

"அங்கன வைக்காதீங்க" என்றாள். "அம்மா பாத்ரூம் போற வழி அது. இந்தப் பக்கமாத் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். ம்."