பத்து சென்டிமீட்டர்

அருள்புரத்துப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஜெயசுதா டீச்சரிடம் அறிவியல் படித்த யாருக்கும் செய்முறைத் தேர்வில் இருபத்தைந்துக்கு ஒரு மார்க்கூடக் குறைந்ததில்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. ரகசியம் ஒன்றும் பிரமாதமில்லை. குவிலென்ஸின் குவியத் தொலைவு என்ன? பத்து சென்டிமீட்டர். ரெக்கார்டில் மூன்று முறை அளந்ததாக என்ன எழுத வேண்டும்? 10.1, 9.9, 10.0. அவளே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவாள். ஒன்பது வருடமாக அதே லென்ஸ், அதே பெட்டி, பெட்டிமேல் '10 செ.மீ.' என்று ஒட்டிய அதே சீட்டு. பிள்ளைகள் அந்த லென்ஸைக் கையால் தொட்டார்களா என்று எந்தப் புண்ணியவானும் கேட்டதில்லை.

இந்த வருடம் பத்தாம் வகுப்புக்கு ஷமீமா வந்து சேர்ந்தாள். வாயைத் திறந்தால் "ஏனுங்க மிஸ்?" தான். வியாழக்கிழமை, "எல்லாரும் அளந்து எழுதுங்க" என்று டீச்சர் வாய்ப்பேச்சுக்குச் சொன்னதை அந்தப் பெண் நிஜமென்று நம்பிவிட்டது. மற்றவர்கள் பலகையைப் பார்த்து எழுதி முடித்துக் கதை பேசிக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஜன்னலோரம் நின்றாள். எதிரே இருந்த பனியன் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டியை லென்ஸ் வழியே வெள்ளைத் தாளில் தலைகீழாக விழவைத்து, ஸ்கேலால் அளந்து எழுதினாள். 15.1, 14.9, 15.0.

ஜெயசுதாவுக்குச் சுர்ரென்று ஏறியது. புதன்கிழமை தேர்வுக்கு வெளிப்பள்ளியிலிருந்து ஆள் வரப்போகிறார், இந்த நேரத்தில் இது வேறயா!

"கிளாசே பத்துங்குது, உனக்கு மட்டும் பதினஞ்சா? ஸ்கேல் பாக்கத் தெரியாதவ பத்தாவது எப்படி வந்த?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"மூணு தடவ பாத்தனுங்க மிஸ்."

"எதிர்த்துப் பேசாத. அடிச்சுட்டு எழுது."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்து, நோட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். ஷமீமா அதற்குப்பிறகு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தேர்வுக்குச் சாமான்களைத் துடைத்து வைக்கும்போது அந்த 'மூணு தடவ' ஜெயசுதாவை நச்சரித்தது. சரி, பார்த்துத்தான் தொலைப்போமே என்று லென்ஸை ஜன்னலில் பிடித்தாள். பத்தில் வெறும் கலங்கல். தாளை நகர்த்திக்கொண்டே போனாள். தண்ணீர்த் தொட்டி, அதன் ஏணி, ஏணியில் உட்கார்ந்திருந்த காக்கை எல்லாம் பளிச்சென்று தலைகீழாக வந்து நின்ற இடம் பதினைந்து.

என்றைக்கோ யாரோ லென்ஸைப் பெட்டி மாற்றி வைத்திருக்கிறார்கள். அது யாரானால் என்ன? ஒன்பது வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் அளந்து பார்த்திருந்தால் போதும். சரியாக அளந்த ஒரே பிள்ளையை ஊர் சிரிக்க நிறுத்தியாயிற்று. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் தப்பை ஒத்துக்கொண்டு, அந்தப் பெண்ணை மறுபடி 'ஏனுங்க மிஸ்' என்று கேட்க வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

திங்கள் காலை, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்யும் ஜஹானாரா, ஷிஃப்டுக்குப் போகிற வழியில் பள்ளி கேட்டருகே காத்திருந்தாள். ஷமீமாவின் அம்மா.

"புள்ள சொல்லுச்சுங்க மிஸ். மனசுல வெச்சுக்காதீங்க. ஊட்டுல உக்கார வெச்சு நல்லா சொல்லிப்போட்டனுங்க. எங்க கம்பெனில சேம்பிள் பீஸ் ஒண்ணு குடுப்பாங்க. அளவு அதுக்கு ஒத்து வரலீனா ரிஜெக்ட்டுங்க. சேம்பிள் போயி தப்பாகுமா கண்ணு, நம்ம பீஸ்தான் தப்புன்னு சொன்னேன். புரிஞ்சுக்கிச்சுங்க."

"இல்லீங்க, தப்பு என்னோடதுங்க. அவ அளந்ததுதான் சரி."

"அட, நீங்க போயி தப்புப் பண்ணுவீங்களா!" என்று சிரித்துக்கொண்டே ஜஹானாரா நடையைக் கட்டினாள்.

முதல் பீரியடிலேயே ஜெயசுதா போட்டு உடைத்தாள். "லென்ஸ் பதினஞ்சு. நான் அளக்காமயே சொல்லிட்டேன். ஷமீமாதான் சரி."

வகுப்பு திருதிருவென்று விழித்தது. யுவன் எழுந்தான். "அப்ப பரீட்சைக்கு எதுங்க மிஸ் எழுதறது?"

டீச்சர் ஷமீமாவை ஜன்னலுக்குக் கூப்பிட்டாள். "எல்லாருக்கும் அளந்து காட்டு கண்ணு."

ஷமீமா பெட்டிமேல் ஒட்டியிருந்த சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு லென்ஸை வாங்கினாள். ஸ்கேலை ஒட்டித் தாளை நகர்த்தினாள். கண் தாளில் இல்லை, ஸ்கேலில் இருந்தது. பத்து வந்ததும் நிறுத்தினாள்.

"பத்துங்க மிஸ்."

"படத்தப் பாரு. தொட்டி தெரியுதா?"

தாளில் சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல்தான் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்தாள். தாள் பிடித்த கை பதினைந்துப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, தயங்கி நின்றது.

"எத்தனைன்னு சொல்லுங்க மிஸ்," என்றாள் மரியாதையாக. "அங்க கொண்டாந்து நிறுத்தறனுங்க."