முதல் உதைக்கு வந்த விருந்தாளி

எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கவுன்சிலரைக் கூப்பிட்டது நாங்கள்தான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகராட்சி மறந்துபோன நிலம் அது. இடிந்த சுவர், கண்ணாடிச் சில்லு, முள். சொந்த மைதானம் இல்லாத அணிக்குக் கால்பந்து லீக்கில் இடமில்லை என்று லீக் செயலாளர் சொன்ன அன்றே, எங்கள் கேப்டன் கடப்பாரையோடு அங்கே போய் நின்றான். அவன் பஸ் டிரைவர், என் மனைவியின் அண்ணன். விடுமுறை நாளெல்லாம் முதுகு ஒடிய வேலை செய்தோம். மழைநீர் தேங்காதபடி நடுவை உயர்த்தி ஓரங்களைச் சரித்தோம். கோல் கம்பங்களை நான் வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறையில், சாப்பாட்டு நேரத்தில் செய்தேன்.

"வாய்ச்சதும் சரியில்ல, கூடப் பொறந்ததும் சரியில்ல" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

புது மைதானத்தில் முதல் பந்தைப் பெரிய மனிதர் ஒருவர் உதைப்பது எங்கள் லீக்கில் வழக்கம். கவுன்சிலர் வந்தார், உதைத்தார். அப்புறம் பந்தை விட்டுவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை பெஞ்சா தண்ணி நிக்காதா?"

மச்சான் வாயெல்லாம் பல்லாக, "சொட்டுத் தண்ணி நிக்காது சார்!" என்றான்.

அடுத்த மாதம் அங்கே 'கார் நிறுத்துமிடம்' என்று பலகை தொங்கியது. வாசலில் சங்கிலி. நியாயம் கேட்க அவர் அலுவலகத்துக்குப் போனோம்.

"உக்காருங்கப்பா. காண்டிராக்டர்கிட்ட விட்டிருந்தாகூட இவ்வளவு சுத்தமா வந்திருக்காது" என்றார்.

"அது எங்க கிரவுண்டு சார்" என்றேன்.

"நிலம் நகராட்சியோடது தம்பி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் சும்மாதான் கெடக்கு. கொஞ்சம் கல்லு இருக்கும். அதையும் இதே மாதிரி ஆக்கிடுங்க. உங்களுக்குத்தான் கைவந்த கலையாச்சே!"

"அதையாவது எழுதிக் குடுப்பீங்களா சார்?" என்று மச்சான் கேட்டான்.

"என்னப்பா, என் வார்த்தைமேல நம்பிக்கை இல்லையா?"

சிரித்தார். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது. மேசையைக் கவிழ்த்திருப்பேன். மச்சான் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தான்.

வெளியே வந்தவன் நேராக வாய்க்காலைத் தாண்டினான். கொஞ்சம் கல் என்றாரே, அங்கே கல்லுக்கு நடுவில்தான் கொஞ்சம் மண் இருந்தது. பேன்ட்டை மடித்துவிட்டுக் குனிந்தான்.

"உனக்குச் சூடு சொரணை இருக்கா? இதையும் நாம சரி பண்ணுவோம், அந்தாளு வந்து பெட்ரோல் பங்க் கட்டுவான்!" என்று கத்தினேன்.

"கட்டட்டும். சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு கிரவுண்டைக் காட்டலைன்னா நம்ம டீமே இல்ல, மாப்ள."

அவன் நிமிரவில்லை. ஒரு கல்லைப் பெயர்த்து ஓரமாக உருட்டினான்.

நானும் ஒரு கல்லை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ரோட்டில் கவுன்சிலரின் கார் வந்தது. எறிந்தால் குறி தப்பாது. கையை ஓங்கியும்விட்டேன். எறிந்தால் லீக்கிலிருந்து எங்களை ஒரேயடியாகத் தூக்கிவிடுவார்கள். ஓங்கிய கையோடு நின்றேன். கார் போய்விட்டது. கல்லை ஓரமாகப் போட்டுவிட்டு, அவரையும் மச்சானையும் என்னையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அடுத்த கல்லுக்குக் குனிந்தேன்.